பாக்கியம்மா வைத்த பட்டன்

வில்பட்டியிலிருந்து கொடைக்கானல் வருகிற காலை மினிபஸ்ஸில் ஒரு நாள் வயதான அம்மா ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டாள். கேரட் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள், ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்திருந்தாள். மார்கழிக் குளிர். சேலையின் முன்பக்கமெல்லாம் நனைந்து உடம்பு வெடவெடவென்று ஆடியது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். நானும் எழுந்தேன், மறைப்பானேன். பின்சீட்டில் இருந்த சிவபாக்கியம் மட்டும் முன்னால் வந்து, தன் பாட்டில் தண்ணீரால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். பிறகு தன் நிறுத்தத்தில் வெறும் சேலையோடு இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு பனிக்குள் நடந்து போனார்.

நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சிவபாக்கியத்தைப் பற்றி ஊரில் ஏற்கெனவே நல்ல பேச்சு அதிகமாக இருந்தது. அதில் இன்னொன்றை நானும் கொண்டுபோய்ச் சேர்க்க மனம் வரவில்லை.

அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பதினேழு வயதில் பெற்றோரோடு கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவர். மரப்பட்டை உரிக்கிற வேலைக்குப் போன இடத்தில் இராமலிங்கம் என்பவரைக் கட்டினார். அவர் ஒரு மழைக்காலத்தில் மரம் விழுந்து இறந்துபோனார். இந்து என்று ஒரே மகள். அவளை வளர்க்க, வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்கிற ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். சங்கீத அறைகளைப் பெருக்கித் துடைப்பதுதான் சோலி.

அங்கே ஒரு மாணவனின் கிட்டாரில் பெல்ட் மாட்டுகிற குமிழ் ஆடிக்கொண்டே இருந்ததாம். திருகாணியை எத்தனை தரம் முடுக்கினாலும் மறுநாள் கையோடு வந்துவிடுமாம். சிவபாக்கியம் கையில் இருந்த துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவி, மரப்பசையில் தோய்த்து, அந்தத் துளைக்குள் அடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் திருகாணி கல்லில் இறங்கியது மாதிரி நின்றதாம். சங்கீத வாத்தியார் விசாரித்துக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து சில்லறை ரிப்பேரையெல்லாம் அவரிடமே கொடுக்க ஆரம்பித்தார். கம்பி மாற்றுவது, வயர் பற்றவைப்பது என்று பத்து வருஷத்தில் எல்லாம் கைவந்துவிட்டது. பாட மட்டும் வராது. அவர் பாடினால் நாய் எழுந்து போகும் என்று அவரே சொல்லுவார்.

எனக்குத் தையல் வேலை. மாதா படத்துக்குக் கீழே மெஷினைப் போட்டு, மிதிக்கிறபோதே செபமாலை சொல்லி முடித்துவிடுவேன். என் மகன் பெர்லினுக்கு ஒன்பது வயதில் அவன் அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அப்புறம் எனக்கு அவன், அவனுக்கு நான். ஒரு காட்டேஜில் அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனான். 2004இல், பள்ளி முடித்து ஊருக்குப் போகிற ஒரு வெளிநாட்டுப் பையனிடமிருந்து பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிவந்தான். சிவப்புக் கிட்டார். அது வீட்டுக்குள் வந்தது, கூடவே அதன் ரிப்பேருக்கென்று சிவபாக்கியமும் வந்தார்.

பெர்லின் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டிருக்கலாம். அத்தை என்றிருக்கலாம். அவன் “பாக்கியம்மா” என்றான். அந்தப் பேரின் வாலில் இருக்கிற அம்மா எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. “பாக்கியம்மா சொன்னாங்க, ஈரத்துல கிட்டார வெக்கக் கூடாதாம்.” “பாக்கியம்மா வீட்ல சாப்பிட்டேம்மா, பசிக்கல.” பசிக்கவில்லை என்று சொன்ன நாட்களை நான் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன்.

நானும் சிவபாக்கியமும் ஒருவரை ஒருவர் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். யார் மூத்தவர் என்பதை இருவருமே கடைசிவரை வெளியே விடவில்லை.

ஒரு நாள் காலையில் பெர்லின் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், “அம்மா, கிட்டார்ல அடிப்பட்டன் பிஞ்சிருச்சும்மா. சாயங்காலம் பாக்கியம்மாகிட்ட குடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பட்டன் என்ற சொல் என் காதில் தேனாக விழுந்தது. இருபது வருஷமாகப் பட்டன் தைக்கிறவள் வீட்டில் இருக்க, பட்டனுக்கு இன்னொருத்தியா? பையைத் திறந்து பார்த்தேன். பெல்ட்டின் நுனியில் துளை இருந்தது, பட்டனைக் காணோம். எனக்கு விளங்கிவிட்டது. நல்ல கறுப்புக் கோட்டுப் பட்டனாக எடுத்து, ஆறு இழை நூலில் பெல்ட்டிலேயே இறுக்கித் தைத்து, துளையில் மாட்டிப் பார்த்தேன். கச்சிதம். பட்டனைச் சுற்றி நூலால் கழுத்துக்கட்டி முடிச்சும் போட்டேன்.

சாயங்காலம் பெர்லின் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

“அம்மா, சட்டைப் பட்டன் இல்லம்மா! கிட்டார் அடியில, மரத்துல திருகியிருக்கற இரும்புக் குமிழும்மா. அதுக்குப் பேருதான் பட்டன்.”

“அப்ப அதக் குமிழுன்னு சொல்றதுக்கென்ன? பட்டன்னா நான் பட்டன்னுதானே நெனப்பேன்?”

அவனோடு நானும் சிரித்துத்தான் வைத்தேன். ஆனால் அவன் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு நேராகச் சிவபாக்கியம் வீட்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெர்லின் கிட்டார் வாசிக்கிற பாடற்குழுவில் இருக்கிற சுமலதா என்கிற பெண், “தெரசா ஆன்ட்டி, எங்க கீபோர்டுக்குக் காஜா எடுத்துத் தருவீங்களா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கதை எந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்திருக்கும் என்று நான் நினைத்தேனோ, அந்த வீட்டின் மேல் என் கோபமெல்லாம் போய் உட்கார்ந்தது.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து சாமியார் பீடத்திலிருந்து நன்றி சொன்னபோது, “இசைக்கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்த சிவபாக்கியம் அம்மாவுக்கும்” என்று பேரைச் சொல்லிச் சொன்னார். அவர் இந்து மதத்துக்காரர். குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் அந்தோனியார் கோயிலுக்குள் வரமாட்டார், வாசல் மரத்தடியில் நின்று பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பதினான்கு வருஷமாகப் பீடத்துணி தைத்துக் கொடுக்கிறவள் நான். என் பேர் ‘மற்றும் பலருக்கும்’ என்பதற்குள் இருந்தது. ஆண்டவரே, என் மனசை மாற்றும் என்று முழங்காலில் நின்று கேட்டேன். கேட்டுக்கொண்டே, அவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

2006 ஜூனில் அந்தோனியார் திருவிழா வந்தது. அந்தப் பழைய தொல்லை மறுபடியும் தலைகாட்டியது. நின்றுகொண்டு வாசித்தால் அந்தக் குமிழ் மெள்ள வெளியே வரும், பெல்ட் தொங்கும், பெர்லின் முழங்காலைத் தூக்கிக் கிட்டாரைத் தாங்குவான். திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் கிட்டாரைச் சிவபாக்கியத்திடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். மாலை நவநாள் பூசைக்கு வேண்டும். நான் மத்தியானம் போய் வாங்கி வைக்கிறேன் என்று நானாகவே சொன்னேன். கிட்டார் என் கையிலிருந்து அவன் கைக்குப் போகட்டும், அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு இருக்கட்டும் என்று ஆசை.

போனபோது சிவபாக்கியம் கிட்டாரைப் போர்வைமேல் படுக்க வைத்திருந்தார்.

“வாங்கக்கா. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேண்டாம், சோலி கெடக்கு.”

“சரி, கேட்டுக்கோங்க. உள்ள மரம் பொடிப்பொடியாப் போயிருச்சு. எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டு மூங்கில் சில்லு அடிச்சிருக்கேன். பசை இன்னும் காயல. ஸ்குரூவ சும்மா எடம் காட்டத்தான் வெச்சிருக்கேன். தம்பிகிட்டச் சொல்லிருங்க, இன்னைக்கு மாட்டி நிக்கக் கூடாது. நாக்காலி போட்டு உக்காந்து வாசிக்கட்டும். நாளைக்கு வெள்ளனே வந்து நான் முடுக்கித் தாரேன்.”

“சொல்லிர்றேன்.”

“மறந்துராதீங்கக்கா. சரியான பாரம் அது.”

நான் மறக்கவில்லை. அதுதான் விஷயம். பெர்லின் ஐந்து மணிக்கு வந்தான். சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, குமிழைத் தடவிப் பார்த்து, “பாக்கியம்மா கை வெச்சா கை வெச்சதுதான்!” என்று கிட்டாருக்கு ஒரு முத்தம் கொடுத்தான். திறந்த வாய் மூடிக்கொண்டது. காபி கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். காபி குடித்தான். சட்டை மாற்றட்டும் என்று இருந்தேன். மாற்றினான். “போயிட்டு வரேம்மா” என்றான். வாசலில் நின்று சிலுவை அடையாளம் போட்டு அனுப்பி வைத்தேன்.

பூசையில் ‘உன்னதங்களிலே’ பாட்டு வந்தது. சுமலதா கீபோர்டில் தொடங்க, பெர்லின் நிமிர்ந்து நின்று அடிக்க ஆரம்பித்தான். இரண்டாவது அடி பாடுவதற்குள் குமிழ் பெல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்து, கிட்டார் தலைகீழாகச் சிமெண்ட் தரையில் விழுந்தது. ஸ்பீக்கரில் இடி இறங்கியது மாதிரி சத்தம். பிள்ளைகள் அலறினார்கள். சாமியார் கைகளை விரித்தபடியே திரும்பிப் பார்த்தார். கம்பி முறுக்குகிற காது ஒன்று உடைந்து பெஞ்சுக்கடியில் உருண்டது. பெர்லின் குனிந்து அதைத் தேடினான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. என் பின்னால் யாரோ, “அந்தம்மா ரிப்பேரு லட்சணம் இதுதானா?” என்றார்கள். மகன் குனிந்து தேடிக்கொண்டிருந்தான், எனக்கு அந்த வார்த்தை இனித்தது. அதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

மறுநாள் விடியவே சிவபாக்கியம் திருப்புளியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெர்லின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“நின்னுக்கிட்டா வாசிச்ச? ஏலே, பசை காயலன்னு சொல்லி விட்டேனே!”

“யார்கிட்டச் சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். “ஏக்கா, நீங்க சொல்லலையா?”

பெர்லினும் என்னைப் பார்த்தான்.

“நீங்க அப்பிடி ஒண்ணும் சொல்லலியே” என்றேன். மாதா படத்துக்குக் கீழே நின்றுதான் சொன்னேன்.

சிவபாக்கியம் திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு, “அப்ப நான்தான் சொல்லல போல” என்றார். போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். பெர்லின் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினான். வேலை விட்டு நேராக வீட்டுக்கு வந்தான், பசிக்கிறது என்றான், இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். கிட்டாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். வீட்டில் சத்தம் இல்லை. மகன் எனக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்தான், ஆனால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பொய்யோடு என்னால் பூசையில் நன்மை வாங்க, சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை வாங்க, போக முடியவில்லை. வரிசை எழுந்து பீடத்துக்குப் போகும், நான் பெஞ்சிலேயே இருப்பேன். மூன்றாவது ஞாயிறு பெர்லின் கேட்டான்:

“ஏம்மா நன்மைக்குப் போகல?”

“தலை சுத்துதுடா.”

“மூணு வாரமாவா சுத்துது?”

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் செபமெல்லாம் ஒன்றும் கொடுக்கவில்லை. “எங்கிட்டச் சொன்னத அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லும்மா. அதுதான் உனக்கு அபராதம்” என்றார். முழங்காலில் நின்று செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

சிவபாக்கியம் வீட்டுக்கு வெளியே குழாயடியில் உட்கார்ந்து கேரட் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான்தான் அவன்கிட்டச் சொல்லல.”

“எனக்குத் தெரியாதா? சொன்ன வாய் என்னோடதுதானே.”

“பின்ன ஏன் அன்னைக்கு அப்பிடிப் போனீங்க?”

“வேற என்ன செய்ய? ரெண்டு பொம்பளைக அந்தப் பையன் முன்னால ‘நீ சொன்ன, நீ சொல்லல’ன்னு நிக்கவா? அங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல, குழாயடியில போட்ட சண்டையே எனக்கு ஆயுசுக்கும் போதும்.” ஒரு கேரட்டை வேகமாகத் தேய்த்தார். “கோவம் இல்லன்னு மட்டும் நெனச்சிராதீங்க. மூணு நாளு சோறு எறங்கல. உங்களத் திட்டாத திட்டு இல்ல. முருகன்கிட்டயும் பேரைச் சொல்லி ஒப்படைச்சாச்சு.”

“என் பேரையா?”

“தெரசம்மான்னு சொன்னாத் தெரியுமோ தெரியாதோன்னு, தையக்காரம்மான்னும் சேத்துச் சொன்னேன்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த நேரத்திலும் மனசுக்குள் இருந்த முள் சும்மா இருக்கவில்லை. “கோட்டுப் பட்டன் கதையக் கேட்டுச் சிரிச்சீங்கள்ல?” என்று கேட்டுவிட்டேன்.

“சிரிச்சேன். சிரிக்காம இருக்க முடியுமா? ஆனா அந்தப் பட்டனப் பிரிக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சுக்கா. பெல்ட்டுத்தான் கிழியும் போல, உங்க தையல் வரல. அத நான் சுமலதாகிட்டச் சொல்லல, உங்க பையன்தான் சொல்லிட்டுத் திரிஞ்சான்.” கேரட்டைக் கூடையில் போட்டார். “தம்பிகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நீங்க கோவிப்பீங்க. நீங்க சொன்னா அவன் கோவிப்பான். அவன் கோவம் ரெண்டு நாளு. உங்க கோவம் ரெண்டு வருசம் ஓடுது.”

அன்று சாயங்காலமே பெர்லினிடம் சொன்னேன். இரண்டு நாள் இல்லை, எட்டு நாள் என்னோடு பேசவில்லை. கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தான். ஒன்பதாம் நாள் கட்டிலுக்கடியிலிருந்து கிட்டாரை இழுத்தான். “வாங்க” என்றான். அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அந்த வீட்டுக்கு.

சிவபாக்கியம் உடைந்த காதுக்குப் பதில் வேறொன்றை மாட்டி, பழைய அடைப்பை நோண்டி எடுத்துவிட்டு, மூங்கிலைச் சீவிப் பசையோடு இறுக்கி அடித்தார். மறுநாள் திருகாணி மரையில் மெழுகுதிரியைத் தேய்த்து மெள்ள இறக்கினார். குமிழுக்கும் மரத்துக்கும் நடுவே வைக்கக் கம்பளித் துணியில் ஒரு சின்ன வட்டம் வேண்டும் என்றார். ஒரு கோட்டுத் துண்டிலிருந்து நான் வெட்டினேன். “நடுவுல துளை?” என்று கேட்டு, என் கத்தரி நுனியாலேயே போட்டுக் கொடுத்தேன். “சுத்தம்” என்றார். அந்தக் குமிழ் அதற்கப்புறம் அசையவே இல்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவர் வீட்டு வாசலில் பெர்லினின் செருப்பைப் பார்த்தால் அதற்கப்புறமும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் நன்மைக்குப் போகிறபோது அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

2008இல் மகள் இந்துவுக்குப் பிரசவம் என்று சிவபாக்கியம் வேலையை விட்டுவிட்டுக் அவள் இருக்கிற கோத்தகிரிக்கே போய்விட்டார். அங்கே இரண்டு வருஷம் இருந்து, நெஞ்சுவலியில் இறந்துபோனார். கடிதம் வந்தபோது நான் மெஷினை நிறுத்திவிட்டு அன்று முழுவதும் மிதிக்கவில்லை. எங்கள் கோயிலில் அவருக்காக ஒரு பூசை வைத்தேன். சாமியாரிடம் சொல்லி, பேரையும் சத்தமாக வாசிக்க வைத்தேன்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது, அவர் ஊருக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டில். பெர்லின் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினான். பெட்டியை மேலே ஏற்றினான், சீட்டைத் துடைத்தான், ஜன்னலை இழுத்துச் சரிசெய்தான், பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னவோ பேசிக்கொண்டே இருந்தான். டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் விசில் ஊதினார். பெர்லின் இறங்கவில்லை. நான் கீழே நின்று, கழுத்தை எக்கி எக்கிப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவபாக்கியம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏக்கா அப்பிடி முழிக்கிறீங்க? பஸ் கெளம்பறதுக்குள்ள உங்க பிள்ளைய எறக்கி விட்டுருவேன், பயப்படாதீங்க.”